பழைய லைட்பாருக்கு பேட்டரியா, பவர் சப்ளையா?

1970களில் அமெரிக்கப் போலீஸ் கார்களின் கூரையில் சுழன்ற ஃபெடரல் சிக்னல் ட்வின்சானிக் என்ற லைட்பாரை, அதாவது நீளமான எச்சரிக்கை விளக்குப் பட்டையை, இன்று அங்கே சேகரிப்பாளர்கள் கராஜில் வைத்து எரியவிடுகிறார்கள். கார் இல்லாமல் 12 வோல்ட்டுக்கு என்ன வழி? ஒன்று கார் பேட்டரி, இல்லையென்றால் சுவர் பிளக்கில் சொருகும் பவர் சப்ளை.

முதலில் கணக்கு. 50 வாட் பல்பு ஒன்று 4 ஆம்பியருக்குச் சற்று மேல் இழுக்கும், அப்படி நான்கு பல்பும் மோட்டார்களும் சேர்ந்தால் 20ஐ நெருங்கிவிடும். சிக்கல் அதுகூட இல்லை, ஸ்விட்ச் போட்ட கணத்தில் குளிர்ந்த இழை வழக்கத்தைவிட பத்து மடங்கு வரை கேட்கும். பேட்டரி அசராமல் கொடுத்துவிடும், 20 ஆம்பியர் என்று எழுதிய மலிவான சப்ளையோ பாதுகாப்புக்காகத் தானே அணைந்துவிடும். பல்புகளுக்கும் மோட்டாருக்கும் தனித்தனி ஸ்விட்ச் வைத்து ஒவ்வொன்றாகப் போட்டால் பெரும்பாலும் சமாளிக்கலாம். ஹாம் ரேடியோக்காரர்கள் (பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுபவர்கள்) வைத்திருக்கும் 13.8 வோல்ட், 30 ஆம்பியர் வகை சப்ளை கிடைத்தால் இன்னும் நல்லது, எஞ்சின் ஓடும்போது வரும் அதே பிரகாசம் வரும்.

சரி, பேட்டரியில் என்ன குறை? 60 ஆம்பியர்-மணி பேட்டரியை ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுத்தால் அதன் ஆயுள் குறையும், சார்ஜ் செய்யும்போது ஹைட்ரஜன் வேறு வரும், மூடிய கராஜில் அது வேண்டாம். வீட்டில் நிரந்தரமாக வைக்க நான் சப்ளையைத்தான் சொல்வேன். கண்காட்சிக்குத் தூக்கிப் போக மட்டும் பேட்டரி, பாசிட்டிவ் முனைக்கு ஒட்டியே ஃபியூஸ் போட்டு.