பத்து ராகம், ஒரே டிரம் மெஷின்: சரண்ஜித் சிங் ஆல்பம், பலமுறை கேட்டபின்

‘சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்’ என்ற பெயரை நம்பி உட்கார்ந்தால் முதல் முறை ஏமாற்றம்தான். கச்சேரிக் காதுக்கு இதில் விஸ்தாரமான ஆலாபனை இல்லை. நடன இசைக் காதுக்கு ஏற்ற இறக்கம் போதாது. இரண்டையும் எதிர்பார்க்காமல் விட்டால் ஆல்பம் நெடுநாள் தாங்கும்.

பம்பாய்த் திரையிசையில் வாசித்துவந்த சரண்ஜித் சிங் 1982-இல் பதிவுசெய்தது. முக்கியக் கருவிகள் மூன்று, மூன்றும் ரோலண்ட் என்ற ஜப்பானிய நிறுவனத்தின் மின்னணுக் கருவிகள்: தாளத்துக்கு டிஆர்-808 டிரம் மெஷின், பேஸுக்கு டிபி-303, ராகத்துக்கு ஜூபிட்டர்-8 கீபோர்டு. வோகோடரில் (குரலை இயந்திர ஒலியாக்கும் கருவி) வரும் ஓர் ‘ஓம் நமசிவாய’ போக, மற்றதெல்லாம் வாத்தியம். 2010-இல் மறுவெளியீடு வந்ததும், சிகாகோவின் ஆசிட் ஹவுஸ் என்ற மின்னணு நடன இசைக்கு இதுதான் முன்னோடி என்று பேச்சு கிளம்பியது. அங்கே 303 பேர்வாங்கியது 1987 வாக்கில் என்பதால் தேதி பொருந்துகிறது. ஆனால் அந்தப் பட்டத்தோடு கேட்டால் ராகம் காதில் ஏறாது.

போன் ஸ்பீக்கரில் கேட்டு முடிவுகட்டாதீர்கள். 808-இன் கிக் (டிரம்மின் கனத்த அடி) ஏறக்குறைய 50 ஹெர்ட்ஸில், மிகத் தாழ்வாக இருக்கிறது; 303-இன் கீழ்ச் சுரங்களும் அந்தப் பக்கம்தான். சின்ன ஸ்பீக்கரில் இரண்டும் காணாமல் போய், ஜூபிட்டரின் கீச்சு மட்டும் மிஞ்சும். பொம்மைக் கீபோர்டு மாதிரி இருக்கும். சுமாரான ஹெட்போனே போதும். பேஸ் பூஸ்டை மட்டும் அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் கிக்கும் 303-உம் ஒன்றோடொன்று குழைந்துபோகும். ஆல்பத்தின் உயிரே அவை தனித்தனியாகக் கேட்பதில் இருக்கிறது. ஆதாரச் சுரத்தைச் சுற்றிச் சுற்றி வரும் அந்த 303 வரி, தம்பூரா செய்யும் வேலையில் பாதியைச் செய்கிறது.

எல்லா ராகமும் ஒரே மாதிரி எடுபடவில்லை. ஐந்து சுர ராகங்கள் கச்சிதம்: பூபாலி (நம் கர்நாடக இசையில் மோகனம்), மால்கௌன்ஸ் (இந்தோளம்), கலாவதி (வலஜி), பைராகி (ரேவதி). சுரங்களுக்கு நடுவே இடைவெளி தாராளம், அதனால் கீபோர்டின் நிலையான பன்னிரண்டு ஸ்தானங்களில் அதிகம் கெடாமல் உட்காருகின்றன. இந்தோளத்துக்குக் கமகம் (சுரத்தை அசைத்து வாசிப்பது) வேண்டாமா என்று கேட்டால், வேண்டும்தான். இங்கே ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போவதை வைத்துச் சமாளித்திருக்கிறார். யமன் (கல்யாணி) பரவாயில்லை. சிக்கல் தோடியில். இந்துஸ்தானித் தோடி நம் தோடி அல்ல, சுபபந்துவராளி ராகத்தின் பக்கம். அதன் காந்தாரம் (‘க’ சுரம்) வழக்கத்தைவிடக் கீழே தொங்க வேண்டும். கீபோர்டில் அந்த இடமே கிடையாது. இரண்டு மத்யமமும் (‘ம’ சுரங்கள்) அடுத்தடுத்து உரசும் லலித்திலும் அதே குறை. பத்து முறை கேட்டாலும் அந்த இரண்டும் பழகவில்லை.

ஒவ்வொன்றும் சுமார் ஐந்து நிமிடம். பத்தையும் ஒரே மூச்சில் ஓட்டினால் ஆறாவதிலேயே சலிக்கும், ஏனென்றால் ராகம் மாறினாலும் டிரம்மின் நாதம் மாறுவதில்லை. எல்பி இசைத்தட்டில் இது இரண்டு பக்கம். பக்கத்துக்கு ஐந்து ராகம். அந்தக் கணக்கிலேயே, ஒரு வேளைக்கு ஒரு பக்கம் போதும். புதிதாகக் கேட்பவர் மால்கௌன்ஸில் தொடங்கலாம். தோடியைக் கடைசிக்கு ஒத்திப்போடுங்கள்.