மைக்ரோடிக் சிசிஆர் 2116: முகவரிப் பஞ்சத்தில் இருக்கும் சிறு இணைய நிறுவனங்களுக்கு ஏற்றதா?

ஆசிய பசிபிக் பகுதிக்கு இணைய முகவரிகளைப் பங்கிடும் ஏப்னிக், 2011 ஏப்ரலிலேயே பழைய முகவரி முறையான ஐபிவி4இல் தன் கடைசித் தொகுதியைத் தொட்டுவிட்டது. இன்று புதிதாகத் தொழிலுக்கு வரும் நிறுவனத்துக்கு அதிகபட்சம் 512 முகவரிகளே கிடைக்கும். ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு ஃபைபர் இழுத்திருக்கும் கேபிள் ஆபரேட்டர் ஒருவர், ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிரும் சிஜிநாட் முறையை நாடியே ஆகவேண்டும். அதற்கெனத் தனியாக விற்கப்படும் பெரிய கருவிகளின் விலை அவருக்குக் கட்டுப்படியாகாது என்பதால்தான், லாட்வியாவின் மைக்ரோடிக் நிறுவனம் தயாரிக்கும் சிசிஆர் 2116 ரௌட்டர் இத்தனை பேரின் கவனத்தைப் பெறுகிறது.

பதினாறு கோர் ஏஆர்எம் செயலி, 16 ஜிபி நினைவகம், கேபிள் செருக நான்கு 10 ஜிகாபிட் போர்ட்கள், மைக்ரோடிக்கின் சொந்த இயங்குதளமான ரௌட்டர் ஓஎஸ் 7 ஆகியவற்றோடு இது வருகிறது. ஆனால் விளம்பரத்தில் கண்ணைப் பறிக்கும் வன்பொருள் நாட் வசதியை (முகவரி மாற்றும் வேலையைச் செயலிக்குப் பதில் சுவிட்ச் சிப்பே செய்வது) நம்பிக் கணக்குப் போடக்கூடாது. சுவிட்ச் சிப்பில் சில ஆயிரம் இணைப்புகளுக்கே இடம் உண்டு. சில நூறு வீடுகள் மாலை நேரத்தில் ஒன்றாகத் திறக்கும் இணைப்புகளே அதைத் தாண்டிவிடும். மற்ற சுமை முழுவதையும் செயலிதான் தாங்கவேண்டும். நினைவகம் தாராளமாக இருப்பது இங்கே பெரிய ஆறுதல்.

முகவரிகளைப் பங்கிடுவதில் என் பரிந்துரை, ஒவ்வொரு சந்தாதாரருக்கும் மாறாத போர்ட் வரம்பை ஒதுக்குவதே. (இங்கே போர்ட் என்பது கேபிள் செருகும் துளை அல்ல, ஒரு முகவரியில் இணைப்புகளைப் பிரித்தறியும் எண்.) முதல் 1,024 போர்ட்களை விலக்கிவிட்டால் ஒரு முகவரியில் 64,512 மிஞ்சும். 32 வீடுகளுக்குப் பிரித்தால் வீட்டுக்கு 2,016 போர்ட்கள் வரும், 256 முகவரிகளில் 8,192 வீடுகள் அடங்கிவிடும். அறுபத்து நான்கு வீடுகளைத் திணிப்பதும் சாத்தியமே, ஆனால் நாலைந்து கைபேசிகளும் ஒரு ஸ்மார்ட் டிவியும் உள்ள வீட்டில் நெரிசல் தெரியும். ஒரே முகவரியிலிருந்து பலர் வருவதால், மனிதர்தானா என்று தளங்கள் சோதிக்கும் கேப்ட்சா தொல்லையும் கூடும். வீடுகளின் பக்கத்தில் 100.64.0.0/10 என்ற, 2012இல் இதற்கென்றே ஒதுக்கப்பட்ட தொகுதியைப் பயன்படுத்தினால் வீட்டு ரௌட்டரின் 192.168 முகவரிகளோடு மோதல் வராது.

ரௌட்டர் ஓஎஸ்ஸில் இந்தப் பங்கீட்டை வீடுவீடாக, டிசிபி, யுடிபி என்ற இரு தரவுப் பரிமாற்ற முறைகளுக்கும் தனித்தனி விதிகளாக எழுதவேண்டியிருப்பது இந்தக் கருவியின் பெரிய குறை. ஸ்கிரிப்ட் எழுதித்தான் உருவாக்க முடியும். விதிகளைச் சங்கிலிகள் எனப்படும் சிறு குழுக்களாகப் பிரித்து, உரிய குழுவுக்கு நேரே தாவச் சொல்லும் ஜம்ப் விதி கொடுக்காவிட்டால் ஒவ்வொரு புதிய இணைப்பும் ஆயிரக்கணக்கான வரிகளைக் கடந்துவர நேரிடும். நிலையான பங்கீடு இருந்தால், காவல்துறை ஒரு முகவரியையும் போர்ட்டையும் நேரத்தையும் கேட்கும்போது வீட்டைக் கணக்கிட்டே சொல்லிவிடலாம். ஆயினும் இந்திய உரிம விதிகள் இணைப்புப் பதிவுகளை இரண்டு ஆண்டுகள் வைத்திருக்கச் சொல்வதால், ரௌட்டர் ஓஎஸ்ஸின் ட்ராஃபிக் ஃப்ளோ வசதி வழியாக ஐபிஃபிக்ஸ் என்ற வடிவிலான இணைப்புப் பதிவுகளைத் தனி சர்வருக்கு அனுப்பும் செலவையும் கருவியின் விலையோடு சேர்த்தே பார்க்கவேண்டும்.

இதை வாங்கிவிட்டோம், இனி ஐபிவி6 (முகவரிப் பஞ்சமில்லாத புதிய முகவரி முறை) வேண்டாம் என்று நினைப்பவருக்கு நான் இதைப் பரிந்துரைக்கமாட்டேன். யூடியூப், ஃபேஸ்புக், நெட்ஃபிளிக்ஸ் ஆகிய மூன்றும் ஐபிவி6இல் இயங்குகின்றன. சந்தாதாரர் பயனர் பெயர் கொடுத்து நுழையும் பிபிபிஓஇ இணைப்போடு ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு முகவரித் தொகுதியைக் கொடுக்கும் வசதி ரௌட்டர் ஓஎஸ்ஸிலேயே இருக்கிறது. வீட்டு ரௌட்டரும் ஒத்துழைத்தால் இந்தத் தளங்களின் வீடியோப் போக்குவரத்து நாட் வழியாகச் செல்லாமலே போய்விடும், மிச்சமுள்ள பழைய தளங்களுக்கு மட்டும் செயலி உழைத்தால் போதும். (வீட்டில் ஃபைபர் வந்து முடியும் பெட்டிகளான ஓஎன்டிகளில் மலிவான சிலவற்றில் ஐபிவி6 வசதி அணைத்தே வைக்கப்பட்டிருக்கும் என்பதையும் நினைவில் கொள்ளவும்.)

கண்காணிப்புக் கேமராவை வெளியிலிருந்து நேரடியாகப் பார்க்க விரும்பும் கடைக்காரருக்கும், சொந்த விபிஎன் வைத்திருக்கும் அலுவலகத்துக்கும் சிஜிநாட் ஒத்துவராது. கையிலுள்ள முகவரிகளில் ஒரு பகுதியை இவர்களுக்காக முதலிலேயே விலக்கிவைத்து, மாதக் கட்டணத்துக்கு நிலையான ஐபியாக வழங்குவது நல்லது. அவற்றுக்கான விலக்கு விதியை நாட் பட்டியலின் உச்சியிலேயே எழுதிவிடவேண்டும்.