புள்ளி விழாத கீபோர்டு: 5 வருடத்துக்குப் பிறகு

நான் வைத்திருக்கும் மெக்கானிக்கல் கீபோர்டு விலை இறங்கியிருக்கிறதாம், வாங்கலாமா என்று நண்பன் கேட்டான். "நல்ல போர்டுடா" என்று பதில் அடிக்கும்போதே எஃப் கீ ஞாபகம் வந்தது. கூடவே கோபமும்.

தமிழ்99 என்ற விசைப்பலகை முறையில் அடிப்பவர்களுக்குத் தெரியும், மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பது எஃப்தான். க்க, ப்ப, ந்த, ம்ப இதற்கெல்லாம் புள்ளி தானே விழுந்துவிடும். மற்றபடி இடது ஆள்காட்டி விரல் அங்கேதான் போயாக வேண்டும். என் போர்டில் போன ஐப்பசியில் அது ஒட்ட ஆரம்பித்தது. அழுத்தினால் இறங்கும், ஏறுவதற்கு மட்டும் சோம்பல். அதற்குள் அடுத்த புள்ளி வந்துவிட்டால் போச்சு. அமுங்கியே கிடக்கிற கீயை இன்னொரு தரம் எப்படி அமுக்குவது?

ஒரு பள்ளிக்குக் கையேடு அடித்துக்கொண்டிருந்தேன். தலைப்பு 'உயர்கல்வி வழிகாட்டி'. ரகரத்துக்குப் புள்ளி விழுந்தது. கீ மேலே வருவதற்குள் லகரம் வந்துவிட்டது. 'உயர்கலவி வழிகாட்டி'! கலவியும் நல்ல தமிழ்ச் சொல்தானே, பிழைதிருத்தி எதற்குச் சிவப்புக் கோடு போடப்போகிறது? தலைமையாசிரியை போனில், "அட்டையை மட்டும் ஒரு தடவை பாருங்க சார்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

காரணம் நானேதான். ஆவணியில் கருப்பட்டிக் காப்பி கொஞ்சம் சிந்தியது. உடனே துடைத்தேன், வெயில் இருந்தவரை தொல்லையில்லை. மழைக்காலம் வந்து காற்றில் ஈரம் ஏறியதும், உள்ளே காய்ந்து கிடந்தது பிசுபிசுக்கத் தொடங்கிவிட்டது. 5 கோடி அழுத்தம் தாங்கும் என்று பெட்டியில் அச்சடித்திருக்கிறார்கள். கருப்பட்டியைப் பற்றி ஒரு வரி இல்லை.

முதலில் கீகேப்பை, அதாவது கீயின் மேல்மூடியை, கழற்றி ஜே-யில் மாட்டினேன், ஜே-யின் கேப்பை எஃப்பில். இரண்டும் ஒரே வரிசை, அளவும் ஒன்று. ஜே சுகமாக ஏறி இறங்கியது, எஃப் அதே மக்கர். ஆக, கேப்பில் குற்றமில்லை, ஒவ்வொரு கீக்கும் அடியில் தனித்தனியாக இருக்கிற ஸ்விட்ச்சில்தான். எல்லோரும் சொல்கிறார்களே என்று ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வாங்கி, வயரைப் பிடுங்கிவிட்டு நாலு சொட்டு விட்டேன். நூறு தடவை அமுக்கியும் அசையவில்லை. அப்புறம்தான் உறைத்தது: சர்க்கரை தண்ணீரில் கரைகிற மாதிரி இதில் கரையாது. எண்ணெய்ப் பிசுக்குக்கு அது சரி, கருப்பட்டிக்குத் தண்ணீர்தான். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரைச் சூடாக்கி, ஊசியில்லாத சிரிஞ்சால் விட்டு, பழைய பனியன் துணியில் கவிழ்த்து அமுக்கினேன். துணியில் பழுப்பாக ஒரு வட்டம் இறங்கியது. ஈரம் போக ஆல்கஹால், பிறகு 2 நாள் ஃபேன் காற்று.

முக்கால்வாசி சரியானது. அந்தக் கால்வாசி இருக்கிறதே, அதுதான் ஆளைக் கொல்கிறது.

ரிச்சி தெருவில் ஒரு கடையில் காட்டினேன். கவிழ்த்துக்கூடப் பார்க்காமல், "புதுசு வாங்கிடுங்க சார்" என்றார்கள். ஒரு ஸ்விட்ச்சுக்காக 104 கீயையும் தூக்கிப் போடவா? இந்த மாடலில் ஸ்விட்ச்சைப் பிடுங்கி மாற்ற முடியாது, ஒவ்வொன்றும் இரண்டு கால்களோடு போர்டில் சால்டர் வைத்தது. வீட்டுக்கு வந்து, 5 வருடமாக ஒருநாளும் தொடாத ஸ்க்ரோல் லாக்கைப் பார்த்தேன். அதுவும் எஃப்பில் இருக்கிற அதே பிரவுன் ரக ஸ்விட்ச்தான், கன்னி கழியாதது. இரண்டையும் சால்டர் உருக்கி எடுத்து இடம் மாற்றினேன். ஒரு மணி நேர வேலை, விரலில் ஒரு கொப்புளம். இப்போது புள்ளி அப்படி விழுகிறது! பக்கத்துக் கீகளைவிடக் கொஞ்சம் விறைப்பாகவே. ஒட்டுகிற ஸ்விட்ச் ஸ்க்ரோல் லாக்கில் கிடக்கிறது, அங்கே ஒட்டிக்கொண்டே இருக்கட்டும்.

இவ்வளவு அடித்தும் வேறொரு கீயும் தகராறு செய்ததில்லை. வேறு எந்த போர்டில் அடித்தாலும் எனக்குக் கை வலிக்கிறது. இருந்தாலும் நண்பனுக்கு 'வாங்காதே' என்றுதான் எழுதினேன். ஸ்விட்ச்சைக் கையால் பிடுங்கி மாற்றுகிற ஹாட்-ஸ்வாப் போர்டு இப்போது அதே விலைக்கே வருகிறது. இதுதான் வேண்டும் என்று அடம்பிடித்தால், முழு அளவு போர்டாகவாவது வாங்கட்டும். 61 கீ உள்ள குட்டி போர்டில் திருடுவதற்கு ஸ்க்ரோல் லாக் இருக்காது.