ஆர்.கே.புரத்தில் டேப்லெட் வழி டியூஷன்: கணக்குக்குச் சேர்க்கலாம், ஆங்கிலத்துக்கு வேண்டாம்

தில்லி ஆர்.கே.புரத்தில், டேப்லெட்டில் பாடம் நடத்தும் மாலை நேர டியூஷன் மையம் ஒன்றில், ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகளைக் கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும் சேர்த்திருக்கிறேன். கணக்கில் கிடைத்த பயன் கொடுத்த கட்டணத்துக்குத் தகும். ஆங்கிலத்தில் அப்படிச் சொல்வதற்கில்லை.

பிள்ளை எந்த வகுப்பில் படிக்கிறது என்பதைப் பொருட்படுத்தாமல், எதுவரை புரிந்திருக்கிறது என்பதை முதலில் சோதித்துவிட்டு அங்கிருந்து தொடங்குவதுதான் இந்த மென்பொருளின் பெரிய பலம். 3/4-இலிருந்து 1/2-ஐக் கழிக்கச் சொன்னபோது, மேல் எண்களைத் தனியாகவும் கீழ் எண்களைத் தனியாகவும் கழித்து 2/2 என்று விடை எழுதினாள் என் மகள். தவறு என்று காட்டியதோடு நிற்காமல், மென்பொருள் அவளைச் சமான பின்னங்களுக்குத் திருப்பி அனுப்பி, ஒரே நீளமுள்ள இரு பட்டைகளை நான்காகவும் இரண்டாகவும் வெட்டிப் பார்க்கவைத்தது. (முக்காலில் அரை போனால் கால் என்று பாட்டியிடம் வாய்க்கணக்காகச் சொல்லிவிடுகிறவள்தான் அவள்!) நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் வகுப்பறையில், ஒவ்வொருவரும் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று ஆசிரியர் இப்படித் தேடிக்கொண்டிருக்க முடியாது.

இதே தில்லியில், இதுபோலவே மென்பொருள் வழிப் பாடம் நடத்திய மைண்ட்ஸ்பார்க் என்ற டியூஷன் மையங்களை வைத்து, பொருளியலாளர் கார்த்திக் முரளிதரனும் அவருடைய இரு சக ஆய்வாளர்களும் செய்து 2019-இல் வெளியிட்ட ஆய்வில், நாலரை மாதத்திலேயே கணக்கில் 0.37, இந்தியில் 0.23 திட்டவிலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு) அளவுக்கு முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் அந்த மையங்களில் 90 நிமிட வகுப்பில் பாதி நேரம்தான் கணினி. மீதி 45 நிமிடம் சிறு குழுவாக உட்காரவைத்து ஓர் ஆசிரியர் பாடம் நடத்தினார். எங்கள் மையத்தில் அந்தப் பாதி வரவரச் சுருங்கி, இப்போது வருகைப்பதிவு எடுக்கும் நேரமாகிவிட்டது. ஆங்கிலம் வீணாவதும் இதனால்தான். நான்கு விடைகளில் ஒன்றைத் தொடுவதோடு பாடம் முடிகிறது; பிள்ளை சொந்தமாக எழுதும் ஒரு பத்தியைத் திருத்த அங்கே ஆளில்லை.

கணக்கிலும் ஒரு குறை உண்டு. குறிப்புப் பொத்தானை மூன்று முறை அழுத்தினால் விடையே வந்துவிடுகிறது என்பதைப் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். நட்சத்திரப் புள்ளிக்காக அதைத்தான் செய்கிறார்கள். ரஃப் நோட்டில் வழிமுறையை எழுதிக் காட்டினால்தான் அடுத்த கணக்கு என்று வீட்டில் நான் வைத்திருக்கும் கட்டுப்பாட்டை மையமே வைத்திருக்க வேண்டும்.

விளம்பரத் தாளில் எத்தனை டேப்லெட், எத்தனை வீடியோ என்று பெருமையாகப் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். பள்ளிக் கணினிகளுக்குப் பெருஞ்செலவு செய்த நாடுகளின் பீசா (15 வயது மாணவர்களுக்கான சர்வதேசத் தேர்வு) முடிவுகளில் வாசிப்பு, கணக்கு, அறிவியல் எதிலும் சொல்லிக்கொள்ளும்படியான முன்னேற்றம் இல்லை என்று, அந்தத் தேர்வை நடத்தும் பன்னாட்டு அமைப்பான ஓஇசிடி 2015-லேயே சொல்லிவிட்டது. மூன்று மாதக் கட்டணத்தை முன்பணமாக வாங்குகிறார்கள், திருப்பித் தருவதில்லை. ஆகவே இலவச மாதிரி வகுப்பை மட்டும் நம்பாமல், சாதாரண நாள் ஒன்றில் போய், ஆசிரியர் பிள்ளைகளோடு எவ்வளவு நேரம் உட்காருகிறார் என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.