டிரம்மர் இருக்கைக்கு அதிர்வுக் கருவி: தண்டிலா, மெத்தைக்குள்ளா, அடிப்பலகையிலா?

காதுக்குள் செருகும் இன்-இயர் மானிட்டர் போட்டு வாசிக்கும் டிரம்மருக்கு முதலில் காணாமல் போவது கிக்கின், அதாவது காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்மின், கனம். 'டிக்' என்று பெடலின் சுத்தி (பீட்டர்) தோலில் படும் சத்தம் காதுக்கு வரும். 'தும்' என்று வயிற்றில் இறங்குவது வராது. அதைத் தேடி வால்யூமை ஏற்றிக்கொண்டே போனால் காது கெடும். பக்கத்தில் சப்வூஃபர் என்ற தாழ்ஒலி ஸ்பீக்கர் ஒன்றை வைத்தால் கனம் திரும்பும், ஆனால் அது மேடையில் இருக்கும் எல்லா மைக்கிலும் புகுந்து, பார்வையாளருக்குப் போகும் வெளி மிக்ஸைக் கலக்கிவிடும். அதனால்தான் கிக்கின் சிக்னலை வாங்கி இருக்கையையே அதிரவைக்கும் கருவிகள் வந்தன. பொருத்தும் இடத்தைப் பொறுத்து அவை மூன்று வகை: மெத்தைக்குள், இருக்கைத் தண்டில், அடிப்பலகையில்.

வாங்கப் போகிறவர்கள் வாட்ஸைத்தான் கேட்கிறார்கள். கேட்க வேண்டியது, அதிர்வு எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்பதை. 200 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 200 தாளம்) இரண்டு காலாலும் மிதிக்கும் டபுள் பெடலால் சிக்ஸ்டீன்த் நோட், அதாவது தாளத்துக்கு நான்கு அடி, வாசித்தால் அடிக்கு அடி இடைவெளி 75 மில்லி செகண்ட். 40 ஹெர்ட்ஸில் ஒரு அலைக்கு 25 மில்லி செகண்ட். அடி முடிந்தபிறகும் கருவி மூன்று அலை ஆடினால் அதன் வால் அடுத்த அடியில் போய் முட்டும். அடிகள் தனித்தனியாகத் தெரியாமல் ஒரே உறுமலாகிவிடும்.

இந்தச் சோதனையில் நன்றாகத் தேறுவது இங்கிலாந்தின் போர்ட்டர் அண்ட் டேவிஸ் பிசி2 போன்றவை. அதிரும் பாகம் இருக்கையின் மேல்பகுதிக்குள்ளேயே இருக்கிறது. உடம்புக்கும் அதற்கும் நடுவே தண்டோ கிளாம்போ இல்லை. அதனால் மென்மையான அடிக்கும் பலமான அடிக்கும் உள்ள வித்தியாசம்கூட தொடையில் தெரியும். ஆம்ப் தனிப் பெட்டியாக வரும். கிக் மைக்கை நேராக அதில் செருகி, அங்கிருந்து மிக்ஸருக்கு அனுப்பலாம். விலை மூன்றிலும் அதிகம். பழகிய இருக்கையை விட்டு அந்த நிறுவனத்தின் இருக்கைக்கு மாறவும் வேண்டும்.

அமெரிக்காவின் பட்கிக்கர் வேறு வழி. உள்ளே காந்தப் பிஸ்டன் ஒன்று மேலும் கீழும் ஓடும். கருவியை இருக்கைத் தண்டோடு பிடிமானம் போட்டு இறுக்குவார்கள். எல்எஃப்இ வரிசைக்குத் தயாரிப்பாளர் சொல்லும் எல்லை 5 முதல் 200 ஹெர்ட்ஸ். தள்ளும் பலம் தாராளம், சொந்த இருக்கையும் மாறாது. ஆனால் தண்டில் ஏறும் அதிர்வு மேலே போகும் அளவுக்குக் கீழேயும் இறங்கும்: முக்காலி வழியாக டிரம் மேடைக்கு, அங்கிருந்து கிக்கின் உடலான ஷெல்லுக்கு, ஷெல்லிலிருந்து மைக்குக்கு, மறுபடி கருவிக்கு. இருக்கை தானாகவே 'ஊ' என்று நடுங்க ஆரம்பித்தால் இந்தச் சுற்றுதான் காரணம். முக்காலியின் மூன்று கால்களுக்கும் கெட்டி ரப்பர் வையுங்கள். கிக் சேனலில் கேட் (குறைந்த சத்தத்தை அடைத்துவிடும் வசதி) போட்டு, பக்கத்து ஸ்னேர் டிரம்மை அடித்தால் திறக்காத அளவுக்கு அது திறக்கும் எல்லையை ஏற்றுங்கள். கேட் மூட எடுக்கும் நேரம் (ரிலீஸ்) 50 மில்லி செகண்ட் அளவில் இருந்தால் வேகமான வாசிப்புக்கும் சரிவரும்.

மூன்றாவது, ஆரா ஏஎஸ்டி-2பி-4, டேட்டன் பிஎஸ்டி-1 மாதிரியான மலிவு ஷேக்கர்கள். இரண்டும் 4 ஓம், 50 வாட். இருக்கையின் அடிப்பலகையில் திருகி, ஒரு சிறிய ஆம்ப் சேர்த்தால் வேலை முடிந்தது. எலக்ட்ரானிக் கிட்டோடு வீட்டில் பயிற்சி செய்பவருக்கு இதற்குமேல் செலவு தேவையே இல்லை. இதில் தொந்தரவு வருவது பேஸ் கிட்டாரையும் சேர்த்து அனுப்பும்போது. ஆராவின் இயல்பான அதிர்வெண், அதாவது அது தானாகவே அதிகம் ஆடும் இடம், 40 ஹெர்ட்ஸ். பேஸின் கடைசி ஈ கம்பி 41. அந்த ஒரு சுரம் வந்தால் மட்டும் இருக்கை துள்ளும், மற்றவை வந்ததே தெரியாது. ஈக்யூவில் (அதிர்வெண்வாரியாக ஏற்றி இறக்கும் வசதி) 40 ஹெர்ட்ஸைக் குறுகலாகப் பிடித்து 6 டெசிபல் குறைத்தால் பெருமளவு சமமாகும். இரண்டு ஷேக்கர் போடும் ஆசை வந்தால் கவனம்: பேரலலில் இணைத்தால் 2 ஓம் ஆகிவிடும், சின்ன ஆம்ப் அணைந்துவிடும். சீரிஸில் போட்டால் 8 ஓம், ஆபத்தில்லை.

இந்த மலிவு ஷேக்கரைப் பொருத்தும்போது மரத் திருகு வேண்டாம், ஒரு மாதத்தில் துளை தளர்ந்துவிடும். போல்ட்டை மேலிருந்து பலகைக்குள் விட்டு, கீழே அகல வாஷரும் நைலான் நட்டும் போட்டு, கருவியின் விளிம்புத் துளை ஒன்றுகூட விடாமல் இறுக்குங்கள். நடுவில் தண்டின் பிடிமானம் இருப்பதால் கருவி ஓரத்துக்குத்தான் போகும். முதுகுப் பக்கமாக வையுங்கள், இரண்டு தொடைக்கும் ஒரே அளவில் வரும்.

எந்த வகையானாலும், சிக்னலை மிக்ஸரின் ப்ரீ-ஃபேடர் ஆக்ஸிலிருந்து (சேனல் வால்யூமுக்கு முன்பே பிரியும் தனி வெளியீடு) எடுங்கள். வெளி மிக்ஸில் யாராவது கிக்கைக் குறைத்தாலும் இருக்கை மாறாது. 25 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் 100க்கு மேலேயும் வெட்டிவிடுங்கள். ப்ளூடூத் கூடவே கூடாது, அடி தாமதமாக வரும்.

என் தேர்வு: மெட்டல் வேகத்தில் வாசிப்பவருக்கு மெத்தைக்குள் இருப்பது, சொந்த இருக்கையை விட மனமில்லாத மேடை டிரம்மருக்குத் தண்டில் பூட்டுவது. இடையில் கடகடவென்று சத்தம் கேட்டால் கருவியைச் சந்தேகிக்கும் முன் இருக்கையின் இறக்கை நட்டைத் தொட்டுப் பாருங்கள். அதிர்வு முதலில் அவிழ்ப்பது அதைத்தான்.