4 ஜிபியோடு 8 ஜிபி சேர்த்தால்: லேப்டாப் ரேம், நாள்பட்ட பயன்பாட்டில்

ரெண்டு ரேமும் ஒரே அளவில் இருந்தால்தான் டூயல் சேனல் (ரெண்டு ரேமிலும் ஒரே நேரத்தில் படித்து எழுதும் வேகமான முறை) ஓடும் என்று கடைகளில் சொல்வது பாதிதான் உண்மை. இன்டெல் ஐ5-8250யூ பிராசஸர் போட்ட ஒரு லேப்டாப்பை எடுத்துக்கொள்வோம். போர்டிலேயே சால்டர் செய்த 4 ஜிபி, பக்கத்தில் ஒரே ஒரு ஸ்லாட். அதில் 8 ஜிபி போட்டால் மொத்தம் 12. இதில் முதல் 8 ஜிபி (இந்தப் பக்கம் 4, அந்தப் பக்கம் 4) டூயல் சேனலிலும், மிச்சம் 4 ஜிபி ஒற்றைச் சேனலிலும் ஓடும். இன்டெல் இதற்கு வைத்த பெயர் ஃப்ளெக்ஸ் மோட். பயோஸில் (ஆன் செய்ததும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) எதையும் மாற்ற வேண்டியதில்லை. 16 ஜிபி போட்டாலும் டூயல் பகுதி அதே 8 ஜிபிதான். ஒற்றைப் பகுதி 12 ஆகிவிடும்.

தினசரி வேலையில் இந்த வித்தியாசம் தெரியாது. பிரவுசரில் இருபது டேப், ஒரு எக்செல், ஒரு வீடியோ கால் என்று ஓடும் மெஷினுக்கு 4 ஜிபி போதாமல் எஸ்எஸ்டியை மெமரியாக வைத்துத் திணறுவதுதான் பெரிய நோய். 12 ஜிபி ஆனதும் அது நின்றுவிடும். கேம், வீடியோ எடிட்டிங் என்றால் கதை வேறு. தனி கிராஃபிக்ஸ் இல்லாத மெஷினில் கிராஃபிக்ஸும் இதே ரேமில்தான் வாழ்கிறது. இந்த மெஷினின் ரேம் வகையான டிடிஆர்4-2400 (2400 என்பது வேகம்) ஒற்றைச் சேனலில் நொடிக்கு 19.2 ஜிபி, டூயலில் 38.4. எந்த புரோகிராம் எந்தப் பகுதியில் விழும் என்பது நம் கையில் இல்லாததால், ஒரே கேம் ஒருநாள் சரளமாகவும் இன்னொரு நாள் கொஞ்சம் இழுத்தும் ஓடலாம்.

வாங்கும்போது லேபிளைப் படியுங்கள், இது முக்கியம். 8 ஜிபி ரேம் ஸ்டிக்கில் "1ஆர்எக்ஸ்8" (1Rx8) என்றிருந்தால் எட்டு சிப், "1ஆர்எக்ஸ்16" (1Rx16) என்றால் நாலே சிப். ரெண்டாவது வகை கொஞ்சம் மெதுவானது; விலை ஒன்றென்றால் முதலாவதையே கேட்டு வாங்குங்கள். 3200 ஸ்டிக்கை இந்த மெஷினில் போட்டாலும் 2400-லேயே ஓடும், ஏனென்றால் பிராசஸரின் உச்சம் அதுதான். பழைய டிடிஆர்3எல் வகை ரேம் உள்ள மெஷின் என்றால் கூடுதல் கவனம் வேண்டும்: 1.5 வோல்ட் ஸ்டிக் அதே 204 பின் ஸ்லாட்டில் அழகாக உட்காரும், ஆனால் 1.35 வோல்ட் மட்டுமே தரும் போர்டில் திரை வராது.

பொருத்தும்போது ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு ஷட்டவுன் கொடுங்கள். அப்போதுதான் முழுதாக அணையும். பின்பக்க ஸ்க்ரூக்களைக் கழற்றிய இடத்துக்கேற்பத் தாளில் வரிசையாக வையுங்கள். நீள ஸ்க்ரூ குட்டை இடத்தில் இறங்கினால் மேல்பக்க பிளாஸ்டிக் புடைத்துவிடும். மூடியைத் திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரை எடுப்பது. பிறகு பவர் பட்டனைப் பதினைந்து நொடி அழுத்துங்கள். ஸ்டிக்கைச் சாய்வாக, தங்க நிறக் கோடு கிட்டத்தட்ட மறையும்வரை உள்ளே தள்ளிவிட்டு அப்புறம் கீழே அமுக்குங்கள். ரெண்டு பக்கக் கிளிப்பும் "டிக்" என்று பிடிக்க வேண்டும். "ரேம் செட் ஆகலை" என்று வரும் பெரும்பாலான புகார்கள் இந்த அரை மில்லிமீட்டரில்தான் இருக்கின்றன.

முதல் தடவை ஆன் செய்யும்போது திரை ஒரு நிமிடம்வரை கறுப்பாகவே இருக்கலாம். புது ரேமைப் பயோஸ் பழகிக்கொள்ளும் நேரம் அது, பதறி அணைக்காதீர்கள். வந்ததும் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 புரோகிராமை நாலு சுற்று ஓட்டுங்கள். ஒரு பிழை வந்தாலும் ஸ்டிக்கைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

128 ஜிபி எஸ்எஸ்டி வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று: ரேமில் இருப்பதை எழுதி வைக்க விண்டோஸ் எஸ்எஸ்டியில் ஒதுக்கும் ஹைபர்னேட் ஃபைல் வழக்கமாக ரேமின் 40 சதவீதம். 4 ஜிபியில் 1.6 ஆக இருந்தது, 12 ஜிபியில் 4.8 ஆகும்.

சில மாதம் கழித்து ஸ்லீப்பிலிருந்து எழும்போது மட்டும் நீலத்திரை வந்தால் ஸ்டிக்கைக் கழற்றி, கோடுகளை வெள்ளை அழிப்பானால் மெல்லத் தேய்த்து, துகளைத் துடைத்து மறுபடி போட்டுப் பாருங்கள். அப்படியும் வந்தால் ஸ்லாட்டைக் காலியாக விட்டு மெம்டெஸ்ட் ஓட்டுங்கள். அப்போதும் பிழை காட்டினால் கோளாறு சால்டர் செய்த 4 ஜிபி பக்கம்; புது ஸ்டிக்கை மாற்றிப் பயனில்லை, போர்டுதான் சர்வீஸுக்குப் போக வேண்டும்.