செராம்பூர் கல்லூரி: சாசனம் தந்த பல்கலைக்கழகம்

கொல்கத்தாவுக்குச் செல்லும் தமிழ்ப் பயணிகளில் பெரும்பாலோர் தட்சிணேஸ்வரத்தையும் பேலூர் மடத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அதே ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையில், ஹவுராவிலிருந்து புறநகர் ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் சென்றுவிடக்கூடிய செராம்பூர் கல்லூரி, கல்வி வரலாற்றில் ஆர்வமுள்ளவர்கள் அரை நாளாவது ஒதுக்கிப் பார்க்க வேண்டிய இடம். ஆற்றை நோக்கி அயோனியத் தூண்களோடு நிற்கும் பழைய கட்டடம் 1820களின் தொடக்கத்தில் எழுந்தது. அழகுக்காகவே பார்க்கலாம் என்றாலும், அதன் வரலாற்றை ஓரளவு அறிந்து செல்பவருக்கே அது முழுமையாகப் புலப்படும்.

கல்லூரி கல்கத்தாவில் அமையாமல் இந்தச் சிற்றூரில் அமைந்ததற்கு அரசியலே காரணம். கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஆட்சிப் பகுதியில் மிஷனரிகள் பணியாற்றுவதை விரும்பவில்லை. செராம்பூரோ, நம் தரங்கம்பாடியைப் போலவே, டென்மார்க் மன்னரின் ஆட்சியில் இருந்தது. 1799-இல் வந்திறங்கிய ஜோஷுவா மார்ஷ்மன், வில்லியம் வார்டு ஆகியோருக்கு அங்கிருந்த டேனிய ஆளுநர் அடைக்கலம் தர, 1793 முதல் வங்காளத்தில் இருந்த வில்லியம் கேரியும் 1800 ஜனவரியில் அவர்களோடு சேர்ந்துகொண்டார். அச்சகம், மொழிபெயர்ப்பு, பள்ளிகள் என்று வளர்ந்த அந்தப் பணி 1818-இல் கல்லூரியாக உருவெடுத்தது.

அந்தக் கல்லூரியின் நோக்கம் இன்று படித்தாலும் வியப்பளிக்கிறது. கிறிஸ்தவர்களுக்கு மட்டுமன்றிப் பிறருக்கும் கீழைநாட்டு இலக்கியத்தையும் ஐரோப்பிய அறிவியலையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டும் என்பதே திட்டம். 1821-இல் வந்த ஜான் மேக் இங்கே வேதியியல் கற்பித்ததோடு, 1834-இல் வங்காள மொழியில் ஒரு வேதியியல் நூலையும் வெளியிட்டார். சாதி, நிறம், நாடு எதுவும் சேர்க்கைக்குத் தடையாகாது என்று கல்லூரியின் விதிகள் கூறின. விதி பேசியது ஆண்களைப் பற்றி மட்டுமே என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

1827 பிப்ரவரியில், மார்ஷ்மனின் முயற்சியால், மன்னர் ஆறாம் ஃபிரெடெரிக் பட்டம் வழங்கும் உரிமையைச் சாசனமாக அளித்தார். கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் தோன்றுவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய நிகழ்வு இது. ஆனால் உரிமை கைக்கு வந்தும் அது ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு பயன்படுத்தப்படவில்லை. 1834-இல் கேரியும் 1837-இல் மார்ஷ்மனும் மறைந்தனர். 1845-இல் தரங்கம்பாடியோடு செராம்பூரும் ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டபோது, சாசன உரிமை தொடரும் என்பது உடன்படிக்கையிலேயே எழுதப்பட்டது. அந்த ஒரு பிரிவு இல்லாதிருந்தால் பின்னர் நடந்தவற்றுக்கு இடமே இருந்திருக்காது. 1857-இல் கல்லூரி கல்கத்தாப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. 1883-இல் கலைப் பிரிவும் மூடப்பட்டது.

மறுவாழ்வு இருபதாம் நூற்றாண்டில், ஜார்ஜ் ஹோவெல்ஸ் முதல்வராக இருந்த காலத்தில் வந்தது. பல திருச்சபைகளுக்கும் பொதுவான இறையியல் கல்வி தொடங்கியது. கலைப் பிரிவு மீண்டும் உயிர்பெற்றது. 1915-இல் முதல் இறையியல் இளநிலைப் பட்டங்கள் வழங்கப்பட்டன. 1918-இல் வங்காளச் சட்டமன்றம் இயற்றிய செராம்பூர் கல்லூரிச் சட்டம், பட்டங்களைக் கண்காணிக்கும் செனட் சபைக்கு வழி செய்தது. அதன்பின் வளர்ச்சி வளாகத்துக்கு வெளியே நிகழ்ந்தது. இன்று இந்தியாவிலும் அண்டை நாடுகளிலும் ஐம்பதுக்கும் மேற்பட்ட இறையியல் கல்லூரிகள் செனட்டோடு இணைந்துள்ளன. தமிழிலேயே இறையியல் கற்பிக்கும் மதுரை அரசரடியின் தமிழ்நாடு இறையியல் கல்லூரியும், சென்னைக் கீழ்ப்பாக்கத்தின் குருகுலமும் அவற்றுள் அடங்கும். ஹூக்ளிக் கரையைக் கண்ணால் பார்த்திராத பல தமிழ்ப் போதகர்கள் செராம்பூர்ப் பட்டதாரிகளாக இருப்பது இதனால்தான்.

என் மதிப்பீட்டில் இந்த வளர்ச்சி பாராட்டுக்குரியது, ஆனால் ஒருபக்கமானது. மொழியும் அறிவியலும் இறையியலும் ஒரே கூரையின்கீழ் என்பதே நிறுவனர்களின் கனவு. சாசனம் தந்த உரிமையோ இறையியலுக்கு மட்டுமே பயன்பட்டது. கலை, அறிவியல், வணிகவியல் மாணவர்கள் அதே வளாகத்தில் படித்துக் கல்கத்தாப் பல்கலைக்கழகப் பட்டம் பெறுகிறார்கள். இறையியலைத் தேர்ந்தெடுக்கும் மாணவருக்கு இது பொருட்டல்ல. பல சபையினரோடு சேர்ந்து படிக்க விரும்புவோருக்கு நான் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன்.

பார்வையாளர்கள் கேரி நூலகத்தையும் அருங்காட்சியகத்தையும் தவறவிடக் கூடாது. கேரி பயன்படுத்திய பொருள்களும், செராம்பூர் அச்சகத்தில் பல மொழிகளில் அச்சான நூல்களும் அங்கே உள்ளன. இது வகுப்புகள் நடக்கும் கல்லூரி என்பதால் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு செல்வது நல்லது. நேரம் மிஞ்சினால், மறுசீரமைப்புக்காக 2016-இல் யுனெஸ்கோ விருது பெற்ற புனித ஓலாவ் ஆலயத்தையும் பார்க்கலாம். பழைய டேனிய விடுதியான டென்மார்க் டாவர்ன் 2018-இல் உணவகமாக மீண்டும் திறக்கப்பட்டது. மதிய உணவை அங்கே வைத்துக்கொள்ளலாம்.